ரங்கூன் கடிதத்திலிருந்து நான் வெட்டிய துண்டு

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு அனுபவத்தைச் சொல்லச் சொன்னால், அவன் தன் பிரதாபத்தைத்தான் அளப்பான். நான் சொல்லப்போவது என் தவறு. அதனால் நீங்கள் கொஞ்சம் நம்பிப் படிக்கலாம்.

உங்கள் அதிகாரி போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். நம் கிளைகள் இரண்டு இப்போது துப்பாக்கிச் சத்தம் கேட்கும் நாடுகளில் இருக்கின்றனவாம். அங்கிருந்து வரும் டெலக்ஸைப் பார்த்து, கடையைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று இங்கே முடிவு செய்ய வேண்டியிருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்றார். நாலு வார்த்தையில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் இவ்வளவு சாதாரண உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருக்க மாட்டேன்.

பெரிய கம்பெனிகள் இப்படிப்பட்ட முடிவை எப்படி எடுக்கும் என்று உங்களுக்கு ஒரு கற்பனை இருக்கும். நீளமான மேஜை, சுவரில் வரைபடம், சுருட்டுப் புகை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. உண்மையில் முடிவெடுப்பவர் முன்னால் ஒரே ஒரு தாள் இருக்கும். அதைப் பெங்களூர் ஜோகுபாளையத்திலிருந்து சைக்கிளில் வரும் இருபத்துநாலு வயதுக்காரன் ஒருவன் எழுதியிருப்பான். அந்த ஆள் நான்தான்.

நம் கம்பெனி அப்போது பர்மாவில் அரிசி ஆலைகளும் தேக்கு வியாபாரமும் வைத்திருந்த வெளிநாட்டுக் கம்பெனி. தலைமை அலுவலகம் லண்டனில். மெட்ராஸ் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்கள் துரை, ஆபீஸையே பெங்களூர் கண்டோன்மென்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ரங்கூன் ஆலையும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. ஆகவே பர்மா நெல் அரைபடலாமா கூடாதா என்பது பெங்களூர்க் குளிரில் முடிவாகும்.

ரங்கூன் ஆலைக்கு ஒரு வெள்ளைக்கார மேனேஜர். அவருக்குக் கீழே தலைமைக் குமாஸ்தா சவரிமுத்து, எங்கள் பெங்களூர் ஆஸ்டின் டவுன்காரர். பத்து வருஷம் பெங்களூர் ஆபீஸில் உழைத்துவிட்டு மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ரங்கூன் போனவர். அவர் போன பிறகுதான் நான் சேர்ந்தேன். அவர் உட்கார்ந்த நாற்காலியே எனக்கு வந்தது. முகம் பார்த்ததில்லை, கையெழுத்து மட்டும் பழக்கம்.

வாரம் ஒரு கடிதம் ரங்கூனிலிருந்து வரும். ஆங்கிலத்தில் டைப் அடித்து மேனேஜர் கையெழுத்துப் போட்டிருப்பார். கையெழுத்துக்குக் கீழே தாளில் மிஞ்சும் வெற்றிடத்தில் சவரிமுத்து தன் கையால் தமிழில் நாலைந்து வரி எழுதுவார். ஆஸ்டின் டவுனில் இருக்கும் அவருடைய அக்கா ஆரோக்கியமேரி டீச்சருக்கு வீட்டுச் சேதி. எங்கள் கம்பெனியில் ரொம்ப காலமாக இருந்த வழக்கம் இது. வெளியூர்க் கிளையில் இருக்கும் நம் ஆட்கள் தபால் தலைச் செலவை மிச்சம் பிடிக்க அப்படிச் செய்வார்கள். பெங்களூரில் கடிதத்தைப் பிரிக்கிற குமாஸ்தா அந்தக் கீழ்ப்பகுதியைக் கத்தரியால் வெட்டி, பியூன் கையில் அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புவான். மேலே மிஞ்சும் சுத்தமான ஆங்கிலக் கடிதம் ஃபைலுக்குப் போகும். நான் அதைப் பத்து வரியில் சுருக்கி துரை மேஜையில் வைப்பேன்.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்களெல்லாம் வெட்டுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுவார்களாம். யார் வீட்டில் பிரசவம், யார் வீட்டில் சண்டை என்று ஆபீஸ் முழுக்க வம்பு பரவிவிடும். நான் படிக்க மாட்டேன். என் அப்பா தபால்காரர். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதும் அடுத்தவர் பெட்டியைத் திறப்பதும் ஒன்றே என்று வளர்த்தவர். தமிழ் எழுத்து கண்ணில் படாதபடி தாளைப் பின்பக்கமாக மடித்துத்தான் வெட்டுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நாற்பத்தொன்று டிசம்பரில் ஜப்பான்காரன் சண்டையில் இறங்கினான். கிறிஸ்துமஸ் சமயத்தில் ரங்கூனில் குண்டு விழுந்தது. ஜனங்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள் என்று பத்திரிகையில் படித்தோம். இரண்டு வாரம் தபாலே இல்லை. அடுத்து வந்த கடிதத்தில் மேனேஜர், ஆட்கள் திரும்பிவிட்டார்கள், ஆலை ஓடுகிறது, பட்டாளத்துக்கு அரிசி தடையில்லாமல் போகிறது என்று எழுதியிருந்தார். ‘நிலைமை கட்டுக்குள் இருக்கிறது’ என்று சுருக்கினேன். அடுத்த வாரமும் அதே. அதற்கடுத்த வாரமும் அதே. எங்கள் ஆபீஸ் பெரிய குமாஸ்தா, மைசூர் சமஸ்தான சேவகத்தில் மூன்று தலைமுறை இருந்த குடும்பத்துக்காரர், என் தாளைத் தூக்கிப் பிடித்து, “எழுத்துன்னா இப்படி இருக்கணும்ப்பா, ஒரு வார்த்தை ஜாஸ்தி இல்ல” என்றார். நான் பூரித்துப் போனேன்.

ஜனவரிக் கடைசி. லண்டனிலிருந்து தந்தி வந்தது. பட்டாளத்தோடு போட்ட அரிசி ஒப்பந்தத்தை இந்தப் பருவத்துக்கும் நீட்டலாமா என்று பெங்களூரே தீர்மானிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு சௌகரியம். நல்லபடி நடந்தால் அவர்கள் யோசனை, கெட்டால் நம் யோசனை. துரை என் சுருக்கங்களை வரிசையாக வைத்துக்கொண்டு ரங்கூனுக்கு ஒரு தந்தி எழுதினார். ஆலை தொடர்ந்து ஓட வேண்டும், ஊழியர் யாரையும் விடுவிக்கக் கூடாது. மூன்று மணிக்குள் தந்தி ஆபீஸுக்குப் போயாக வேண்டும் என்று சொல்லி, சுத்தமாக நகல் எடுக்க என்னிடம் கொடுத்தார்.

விடுவிப்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பட்டாளத்துக்கு வேலை செய்யும் ஆலைகளின் ஆட்கள், கம்பெனி எழுதிக் கொடுக்கும் விடுவிப்புச் சீட்டு இல்லாமல் கப்பல் டிக்கெட் வாங்க முடியாது. ரங்கூன் ஆலையிலிருந்த நம் ஆட்களின் நாற்பது குடும்பங்கள் ஊரைவிட்டுப் போக முடியுமா முடியாதா என்பது அந்தத் தந்தியில்தான் இருந்தது. நகல் எடுத்தபோது நான் அதை அப்படி நினைக்கவே இல்லை. எழுத்து அழகாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

ஒரு மணி இருக்கும். வெளிக் கவுண்டரில் ஒரு அம்மா நிற்பதாகப் பியூன் சொன்னான். வெள்ளைப் புடவை, கையில் குடை, கான்வென்ட் டீச்சர் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

“ரங்கூன் மேஜை நீங்கதானா தம்பி? நான் சவரிமுத்துவோட அக்கா.”

“உட்காருங்க டீச்சர்.”

“உட்கார நேரமில்ல, மத்தியானம் க்ளாஸ் இருக்கு. என் தம்பி எழுதினதுக்கு ஆபீஸ்ல என்ன முடிவு பண்ணீங்கன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

எனக்குப் புரியவில்லை. “அது உங்க வீட்டு விஷயமாச்சே டீச்சர். நாங்க யாரும் படிக்கறதில்லையே.”

“படிக்கறதில்லயா?” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வெட்டறது யாரு?”

“நான்தான்.”

கைப்பையிலிருந்து நான்கு காகிதத் துண்டுகளை எடுத்தார். ஒரு குண்டூசியில் கோத்து வைத்திருந்தார். நான்கும் என் கத்தரி வெட்டியவை.

“இதப் பாருங்க. அக்கா, உன் முட்டி வலி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கானா? எனக்கு எழுதற மாதிரியா இருக்கு இது? உங்க கை வழியாத்தானே வருது, ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சுதான் எனக்கு வருதுன்னு நான் சும்மா இருந்துட்டேன். படிங்க.”

படித்தேன்.

முதல் துண்டு குண்டு விழுவதற்கு முன்னால் எழுதியது. ‘அரிசிக் கடைத் தெருவில் பாதி வீடு பூட்டு. வியாபாரிகள் பெண்டு பிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.’

இரண்டாவது: ‘ஆட்கள் திரும்பினார்கள் என்று மேலே எழுதியிருக்கும். வடக்கே நடந்துபோனவர்களைப் பாதி வழியில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். பசியோடு வந்து நிற்கிறார்கள். பதுங்கு குழி மேனேஜர் பங்களாவில் மட்டும் இருக்கிறது.’

மூன்றாவது: ‘மேனேஜர் வீட்டு அம்மாள் சாமான் செட்டோடு கப்பலேறிவிட்டார்கள். எங்களுக்கு விடுவிப்புச் சீட்டு கேட்டேன். பெங்களூர் உத்தரவு வேண்டும் என்கிறார். பெங்களூருக்கு எழுதுங்கள் என்றால், பீதி கிளப்பாதே என்கிறார்.’

நான்காவது முந்தின நாள் வந்தது. ‘நாற்பது குடும்பம். பிப்ரவரி பாதியோடு கப்பல் நின்றுவிடும் என்று கப்பல்துறையில் பேச்சு. யாரிடமாவது சொல்லவும்.’

அந்த ‘யாரிடமாவது’ யார் என்று எனக்குச் சட்டென்று விளங்கியது. பத்து வருஷம் என் நாற்காலியில் உட்கார்ந்து கத்தரி பிடித்த மனிதர் அவர். அதைக் கையில் வைத்திருப்பவன் கட்டாயம் படிப்பான் என்று அவருக்குத் தெரியும். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. மனிதருக்கு இருந்த ஒரே பொந்து அந்த நாலு விரற்கடை வெற்றிடம். நான் அதை வாரா வாரம் ஒழுக்கமாக மடித்து வெட்டிக் கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ரங்கூன் மேனேஜர் சம்சாரம் பெங்களூரில்தான் இருந்தார். சீதோஷ்ண மாற்றத்துக்காக வந்திருக்கிறார் என்று சொல்லி எங்கள் துரை பங்களாவில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். பத்து நாளைக்கு முன் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் அவருடைய சாமானை இறக்கியவன் நான். இரண்டு மாட்டு வண்டி சாமான். அதில் ஒரு பியானோ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே யாரும் மறைக்கக்கூட இல்லை. வண்டியில் ஏற்றி என் கண் முன்னாலேயே கொண்டு போனார்கள்.

டீச்சரை உட்கார வைத்துவிட்டு, துண்டுகளோடு பெரிய குமாஸ்தாவிடம் ஓடினேன். அவர் படித்தார். முகம் மாறியது. ஆனாலும் துண்டுகளை என் பக்கமே தள்ளினார்.

“பேடப்பா, வேணாம். இது ஃபைல்ல இல்லாத விஷயம். மேனேஜர் கையெழுத்து போட்டதுக்கு எதிரா குமாஸ்தா கிறுக்கினத வெச்சா, அங்க சவரிமுத்து வேலையும் போகும், இங்க உன் வேலையும் போகும்.”

“தந்தி போயிட்டா சார்?”

“நீயா எழுதினே? துரை எழுதினது.”

“நான் எழுதினத வெச்சுத்தானே துரை எழுதினாரு.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே முக்கால். “சரி, போறதுன்னா போ. ஆனா இது இன்னிக்குத்தான் வந்துச்சுன்னு சொல்லு. பழசுன்னு சொல்லாதே, கெட்டே.”

என் மேல் இருந்த பிரியத்தில்தான் சொன்னார். கதவைத் தட்டும்வரை நானும் அப்படியே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், பிள்ளைகளே, எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம்.

துரை துண்டுகளை மொழிபெயர்க்கச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, சாந்தமாகச் சொன்னார்: “கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று சொல்கிறது. கையெழுத்து இல்லாத காகிதம் வேறு சொல்கிறது. மற்ற இரண்டு கம்பெனிகளின் ஆலைகளும் ஓடுகின்றன. நாம் முதலில் மூடினால், சண்டை முடிந்த பிறகு அந்தத் துறைமுகத்தில் நமக்கு இடமிருக்காது. நான் எதை நம்பட்டும்?”

கெட்ட மனிதர் இல்லை அவர். நியாயமான கேள்விதான். அந்த இரண்டு கம்பெனிகளும் எங்கள் ஆலை ஓடுவதைப் பார்த்துத்தான் தங்கள் ஆலையை ஓட்டின என்பது பின்னால் தெரிய வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மூன்று பேரும் நெருப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அன்று அது எனக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

“சார், பியானோவை நான்தான் இறக்கினேன்.”

அவர் நிமிர்ந்தார்.

“சீதோஷ்ண மாற்றத்துக்கு வருகிறவர்கள் பியானோ கொண்டுவர மாட்டார்கள், சார்.”

துரையின் காது மடல் சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த அம்மாளோடு தினமும் டீ குடிப்பவர் அவர். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அது விருந்துச் சமாச்சாரம், இது ஆபீஸ் சமாச்சாரம் என்று அவரும் ஒரு கத்தரி வைத்திருந்தார்.

திரும்பிப் பார்த்தபோது கேட்டார்: “இந்தத் துண்டுகள் எப்போது வந்தன?”

கதவருகே பெரிய குமாஸ்தா நின்றிருந்தார். என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். இன்று வந்தது என்று சொன்னால் என் வேலை தப்பும். ஆனால் இன்றுதான் வந்தது என்றால் துரை இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்போம் என்பார். ஒன்றரை மாதமாக ஒரு மனிதர் வாரா வாரம் கத்திக்கொண்டிருக்கிறார் என்றால்தான் அதற்கு எடை.

“முதல் துண்டு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது, சார். நான்கையும் நான்தான் வெட்டினேன். ஒன்றையும் படிக்கவில்லை.”

அவர் என்னைத் திட்டவில்லை. நான் நகல் எடுத்திருந்த தாளைக் கேட்டு வாங்கி, குறுக்கே ஒரு கோடு போட்டார். அதன் பின்பக்கத்திலேயே புதிதாக எழுதினார். ஊழியர், குடும்பத்தார் அனைவரையும் உடனே விடுவிக்கவும். கப்பல் செலவு கம்பெனியுடையது. அவர்கள் ஏறிய பிறகு ஆலையை மூடவும். “லண்டனுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்” என்றார். மணி இரண்டு நாற்பது. பியூனிடம் கொடுக்க மனமில்லாமல் நானே சைக்கிளில் பறந்தேன். தந்தி ஆபீஸில் ரசீது வாங்கிக்கொண்டு திரும்பியபோது டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார்.

அதோடு முடிந்திருந்தால் இது என் பிரதாபக் கதையாகியிருக்கும்.

தந்தி போய்ச் சேர்ந்தது. மேனேஜர் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆனால் ஊரே கப்பல்துறையில் நின்றது. டிசம்பரில் கேட்டிருந்தால் கப்பலுக்குக் கப்பல் இடம் இருந்திருக்கும். அப்போது எஞ்சியிருந்தது ஒரே கப்பல். நாற்பது குடும்பத்தில் முப்பத்தொன்றுக்குத்தான் இடம் கிடைத்தது. பெயர்ப் பட்டியல் எழுதியவர் சவரிமுத்து. பட்டியல் எழுதுகிற குமாஸ்தா தன் பெயரைக் கடைசியில் போடுவது எங்கள் கம்பெனிப் பழக்கம். அவர் அதை அன்றும் மாற்றவில்லை.

மிச்சமிருந்த ஒன்பது குடும்பமும் நடந்தது. மலை, காடு, மணிப்பூர் வழி. மே மாதம் சவரிமுத்து இரண்டு பிள்ளைகளோடு பெங்களூர் வந்து இறங்கினார். மனைவி வரவில்லை. வழியில் ஒரு முகாமில் வாந்திபேதி கண்டு ஒரே நாளில் போய்விட்டார். எந்த இடம் என்று அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

துரை அவருக்கு என் எதிர் மேஜையைக் கொடுத்தார். தினமும் காலை ஒன்பதரைக்கு அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் என் வேலை தொடங்கும். என்னைத் தம்பி என்பார். என் கல்யாணத்துக்குப் பிள்ளைகளோடு வந்து வாழ்த்தினார். அந்தத் துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது தினம் தினம் முள்ளில் உட்காருவதாக இருந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கலவரம் நடக்கும் ஊரிலிருந்து வருகிற கடிதத்தில் மேல்பாதி, எழுதுகிறவரின் மேலதிகாரிக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே நம்பாதீர்கள். யார் குடும்பம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். காவல்காரன் சம்பளத்தை முன்பணமாகக் கேட்கிறானா என்று கேளுங்கள். இதெல்லாம் நம் வேலை இல்லை, வம்பு என்று தோன்றும்போது மறுபடியும் கேளுங்கள். போட்டிக் கம்பெனி இருக்கிறதே, நாமும் இருப்போம் என்று யாராவது சொன்னால், அந்தக் கம்பெனிக்கே போன் போட்டுப் பேசிவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. முக்கியமாக, சுருக்கி எழுதுகிறவன் தான் எதை விட்டுவிட்டான் என்பதையும் கடைசியில் ஒரு வரி எழுதட்டும். நீங்கள் எழுதும் பத்து வரியை வைத்துத்தான் ஒருவர் கப்பலேறுவார், ஒருவர் நடப்பார்.

யுத்தம் முடிந்து மறு வருஷம், ரங்கூன் ஆலையை மறுபடி திறக்கலாமா என்ற பேச்சு வந்தது. சவரிமுத்துவைப் போகச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அன்று மத்தியானம் டீ வந்தபோது அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை அன்று கொட்டிவிட்டேன்.

“சார், உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க எழுதின அந்த நாலையும் நான் படிக்கல. படிச்சிருந்தா டிசம்பர்லயே…”

“தெரியும் தம்பி. வந்த அன்னிக்கே அக்கா சொல்லிடுச்சு.”

“அப்புறம் ஏன் சார் ஒரு வார்த்தை கேக்கல?”

அவர் டீயைக் கீழே வைத்தார்.

“என்னத்தக் கேக்கறது? அடுத்தவன் கடுதாசியப் படிக்காத நல்ல மனுஷன்னு அக்கா சொன்னா. நல்ல மனுஷன்தான் நீங்க, நான் இல்லேங்கல. எனக்கு அப்ப அந்த நாற்காலில ஒரு வம்புக்காரன் வேண்டியிருந்துச்சு, தம்பி. அவன் இருந்திருந்தா என் பொண்டாட்டி இன்னிக்கு வீட்ல இருந்திருப்பா.”